"இட்ஸ் ஆன் மீ" என்று நீ போட்ட விருந்து

தம்பி,

இன்று மத்தியானம் மெஸ்ஸில் ஒரு சோம்புத் தட்டுக்கு அடிதடி. கொல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு ஆண்கள், டிக்லிப்பூர் போகிற வழியில் சாப்பிட இறங்கியவர்கள். பில்லைச் சோம்புத் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுபோனதும் இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. தட்டு கவிழ்ந்து சோம்பு மேசையெல்லாம் கொட்டியது. "இட்ஸ் ஆன் மீ" என்று ஒருவன் பில்லைப் பிடுங்கினான். "நோ, நோ, திஸ் ஒன் இஸ் மை ட்ரீட்" என்று மற்றவன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து சிரித்தார். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே உன்னை இழுத்து நாலு அறை விடவேண்டும் போல இருக்கிறது. ஆள் இருந்தால்தானே அறைய முடியும்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கும் மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பையில் கட்டி. போர்ட் பிளேரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, தள்ளிப்போடாமல் அடுத்த கப்பலுக்கே கிளம்பச் சொன்னாள். சென்னையில் நமக்கு யார் இருக்கிறார்கள்? லங்காவிலிருந்து வந்த நம் அப்பாவும் அம்மாவும் அந்த ஊரைப் பார்த்ததே இந்தத் தீவுகளுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்தபோதுதான். என்னிடம் இருப்பது டிக்கெட்டுக்குத்தான் காணும். தங்க, சோதனை செய்ய, மருந்து வாங்க, கூட ஒரு ஆள் வர, எல்லாவற்றுக்கும் பிறத்தியாரிடம்தான் கை நீட்ட வேண்டும். வாங்கத் தெரியாத குடும்பம் நம்முடையது. நீ அதிலேயே செத்துப்போனாய். நானும் அப்படியே போகவேண்டியதுதானா என்று கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. பயமாக இருக்கிறதடா.

நீ டூரிஸ்ட் கார் ஓட்டப் போன பிறகுதான் நம் வீட்டுக்குள் இங்கிலீஷ் வந்தது. போர்ட் பிளேரிலிருந்து ரங்கத், ரங்கத்திலிருந்து டிக்லிப்பூர், திரும்பவும் அதே ரோடு. பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதை எல்லாம் காதில் போட்டுக்கொண்டு வருவாய். மற்ற டிரைவர்கள் வழி சொல்ல, விலை சொல்ல, போட்டோ எடுக்க இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்கள். உனக்கு ஒட்டியது ஒரே வகைதான். யார் காசு கொடுப்பது என்று அவர்கள் பேசிக்கொள்கிற வார்த்தை எல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ஒரு பில்லக் குடுக்க எத்தனை விதமா சொல்றானுங்க பாருக்கா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாய். "இட்ஸ் ஆன் மீ. மை ட்ரீட். பீ மை கெஸ்ட். ஐ காட் திஸ். கடைக்காரனே வேணாம்னு சொன்னா அது ஆன் த ஹவுஸ்." ஃபுட் த பில் என்பதை மட்டும் உன்னால் நம்பவே முடியவில்லை. பில்லைக் கொடுப்பதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று சவாரிக்கு வந்தவர்களைக் கேட்டாய், ஒருவருக்கும் தெரியவில்லை. கோ டச் என்றால் உனக்கு அருவருப்பு. "ஒரே தட்டுல கை போட்டுத் தின்னுட்டு, யாரு எத்தனை எறா தின்னதுன்னு போன்ல கணக்குப் போடுறானுங்கக்கா. தூ." பாவம், அந்த டச்சுக்காரர்கள் உன்னிடம் எத்தனை திட்டு வாங்கினார்கள்.

ஒரு நாள் நான் கேட்டேன். "சரிடா, எனக்குப் பதிலா நீ குடுத்துருன்னு சொல்றதுக்கு என்னா சொல்லுவாங்க?" நீ கையை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினாய். "அப்பிடி ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லக்கா" என்றாய். பிறகு ரசம் ஊற்றச் சொன்னாய். நானும் ஊற்றினேன். அன்றைக்கே உன்னை உட்கார வைத்துப் பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பேசினால் மட்டும் கேட்டிருப்பாயா?

மாயாபந்தர் பஸ்ஸில் உன்னோடு போவது எனக்குப் பெரிய சங்கடம். கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு வருவான். நீ முன்னமே காசு கொடுத்துவைத்த தெரிந்தவர்கள் யாராவது காசை எடுத்து நீட்டினால், "ஆப்கா ஹோ கயா" என்பான். உங்களுடையது ஆகிவிட்டது, அவ்வளவுதான். யார் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டான். இங்கே அது வழக்கம். அவர்கள் பஸ் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவன் மாதிரி ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். உன் காது மடல் மட்டும் சிவந்து கிடக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே நீ பஸ் ஏறுவாய் என்று நினைக்கிறேன். கார் ஓட்டுகிறவனுக்கு மாயாபந்தர் பஸ்ஸில் என்ன வேலை?

ஆனால் யாராவது உனக்கு டிக்கெட் எடுத்துவிட்டால் போதும், அன்றைக்கு வீடு ரெண்டுபடும். இந்த ரோட்டில் எந்த ஹோட்டலிலும் சவாரி கொண்டுவரும் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். அது ஊருக்கே தெரிந்த வழக்கம். எங்கள் மெஸ்ஸிலும் அப்படித்தான். மற்ற டிரைவர்கள் சமையலறைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, என்னை அக்கா முறை வைத்து, "தீதி, மீன் கொஞ்சம் பெருசா போடு" என்று உரிமையோடு கேட்டு வாங்கித் தின்பார்கள். நீ தின்று முடித்து, கை கழுவி, கல்லாவில் காசு வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாய். முதலாளிக்கு அது அவமானம். "ஒங்க தம்பி என்னைய ஓட்டல்காரனா மட்டும்தான் பாக்குறான், மனுசனா பாக்கல" என்று என்னிடம் வருத்தப்பட்டார். உன்னிடம் சொன்னேன். "அதெல்லாம் ஓசிக்கா" என்றாய். அந்தச் சொல்லை ஏதோ கெட்ட வார்த்தை சொல்வது மாதிரி சொன்னாய்.

எனக்குத் தெரியும் அது எங்கிருந்து வந்ததென்று. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் அப்போது நாம் சிறு பிள்ளைகள். ஆபீஸ் பாபு வீட்டம்மா உனக்கு ஒரு சட்டை கொடுத்தாள், நீலக் கட்டம் போட்டது, காலர் கொஞ்சம் நைந்தது. அம்மா அதைத் துவைத்து, தலையணைக்கு அடியில் மடித்து வைத்து, உனக்குப் போட்டு அனுப்பினாள். ஸ்கூலில் வரிசையில் நிற்கும்போது பாபு மகன் எல்லார் முன்னாலும் உன் நெஞ்சைத் தொட்டு, "யே தோ மேரா ஷர்ட் ஹை" என்றான். அவன் கெட்டவன் இல்லை. தன் சட்டையைப் பார்த்த ஆச்சரியத்தில் சொன்னான். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ அங்கேயே பொத்தானை அவிழ்த்தாய். சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, வெற்று உடம்போடு ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து வீட்டுக்கு வந்தாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன். நீ அழவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் வாங்கவும் இல்லை.

அப்பா அம்மா போன பிறகு ரங்கத்துக்கு வந்தோம். கட்டியவன் என்னை விட்டுப் போனான். நீ கட்டவே இல்லை. வீட்டில் நாம் இரண்டு பேர்தான். நான் மெஸ்ஸில் கரண்டி பிடித்தேன், நீ ஸ்டியரிங் பிடித்தாய். காலம் ஓடியது. பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முதலில் வண்டி கழுவும்போது. அப்புறம் நம் வீட்டு மேட்டில் ஏறும்போது. கடைசியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு இரைத்தது. கால் வீங்கி எந்தச் செருப்பும் நுழையவில்லை. இருதயத்தில் வால்வு பழுது, மெயின்லேண்டில் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் பிழைத்துக்கொள்வாய் என்றார்கள். பிழைத்துக்கொள்வாய் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரடா. அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குச் சர்க்கார் உதவி உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்து, சோதனை எல்லாம் முடிந்து, நாள் கிடைக்கும்வரை வாடகைக்கு ஒரு அறையில் கிடக்கவேண்டும். அதற்கு நம்மிடம் வழி இல்லை.

கார் ஸ்டாண்டில் உன் கூட்டாளி பிஸ்வாஸ் இருக்கிறானே, அவன்தான் துணிப்பையை எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாகப் போனான். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, நம்மாள் என்று ஸ்டாண்டில் ஒருவன் மிச்சமில்லை. சவாரி இல்லாத மழைக்காலம் வேறு. ஒருவன் பெண்டாட்டியின் மூக்குத்தியை வைத்துவிட்டு வந்து போட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பையை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தான். நீ கத்துவாய், தூக்கி எறிவாய் என்று நான் காத்து நின்றேன். நீ பையைத் தடவிப் பார்த்தாய். "தேங்க்ஸ் தாதா" என்று அவனை அண்ணன் முறை வைத்துச் சொல்லிச் சிரித்தாய். நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளை மாறிவிட்டான், பிழைக்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மடைச்சி உண்டா?

கப்பலுக்கு முந்தின வாரம் நீ மெஸ்ஸுக்கு வந்தாய். "அக்கா, ஸ்டாண்ட் ஆளுங்க என்னைய வழியனுப்ப விருந்து போடுறாங்க. குடும்பத்தோட வர்றாங்க. நீதான் செய்யணும், கைய இறுக்கிப்புடாத" என்றாய். முதலாளியிடம் முன்பணம் கொடுத்தாய். எல்லாரும் சேர்ந்து கொடுத்தது என்று அவரும் நம்பினார். நான் ஆட்டுக்கறி செய்தேன். நண்டு மசாலா செய்தேன். பெங்காலிப் பெண்களுக்குப் பிடிக்கும் என்று கடுகு அரைத்து மீன் வைத்தேன். உன்னை உயிரோடு திரும்பக் கொண்டுவரப் போகிறவர்கள் தின்னப்போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சமைத்ததே இல்லை.

மெஸ் நிறைந்துவிட்டது. நீ ஃபேனுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய், எழுந்து நடக்கத் தெம்பில்லை. ஆனால் வாய் ஓயவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "ஆவோ, ஆவோ, பீ மை கெஸ்ட்" என்றாய். போகிறவர்கள் கையில் எல்லாம் பார்சல் கொடுக்கச் சொன்னாய். பிஸ்வாஸுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. உன் பக்கத்தில் குனிந்து, "இத்னா கர்ச்சா கோன் கர் ரஹா ஹை?" என்று கேட்டான். இவ்வளவு செலவை யார் செய்கிறார்கள் என்று அவன் கேட்டதற்கு நீ, "இட்ஸ் ஆன் மீ, தாதா" என்றாய். "அவுர் ஹாஸ்பிட்டல்?" என்றான், அப்போ ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று. "உதர் சப் ஆன் த ஹவுஸ் ஹை" என்று அவன் முதுகில் தட்டினாய். அங்கே எல்லாமே இலவசமாம். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிஸ்வாஸும் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு அவன் சொல்லித்தான் தெரியும். நான் உள்ளே கறி அள்ளிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் உன் பெட்டியை அடுக்கினேன். "பை எங்கடா?" என்று கேட்டேன்.

"எந்தப் பை?"

"காசுப் பை. பெட்டிக்குள்ள அடியில வைக்கணும்."

"அதான் நேத்து எல்லாரும் சாப்ட்டாங்கல்லக்கா."

எனக்குப் புரியவில்லை. நீயே விளக்கினாய், ரொம்ப நிதானமாக, மூச்சு வாங்கி வாங்கி. "அவங்க குடுத்தது அவங்களுக்கே போயிருச்சு. நெஞ்சுல பாறாங்கல்ல வச்ச மாதிரி இருந்துச்சுக்கா அந்தப் பை. இப்பதான் தூக்கம் வருது."

"செத்துருவடா" என்றேன்.

"செத்தா செத்துட்டுப் போறேன். ஓசியில பொழச்சான்னு ஒருத்தன் சொல்லக்கூடாது."

உன்னை அடித்தேன். நோயாளி என்றுகூடப் பார்க்காமல் தோளில், முதுகில் அடித்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாய். உன் வாழ்க்கையில் நீ அடுத்தவரிடம் வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

கொண்டையைக்கூட முடியாமல் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பிஸ்வாஸ் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் துணியைக் கீழே போட்டான். வண்டிச் சக்கரத்தின் மேல் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "தீதி, மைனே தோ தோ பார் மாங்கே காயா" என்றான். நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றேனே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் வாய்க்குள் விரலை விட்டான். நேற்றுத் தின்றது இன்றைக்கு வருமா? வெறும் தண்ணீர்தான் வந்தது. நான் அவன் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு நின்றேன். உன் விருந்து என்ன செய்தது என்று பார்த்தாயா?

அந்தக் கப்பல் நீ இல்லாமல் போனது. அவர்கள் மறுபடியும் பையைத் தூக்கினார்கள். நான் தோட்டை விற்றேன். அடுத்த கப்பல் கடல் மோசமென்று தள்ளிப்போனது, பிறகு மறுபடியும் தள்ளிப்போனது. நீ ஒரு மத்தியான நேரத்தில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, சுவரில் சாய்ந்தபடி போய்விட்டாய். இரண்டாவது பை உன் காரியத்துக்குத்தான் ஆனது. உன்னை எரித்த கட்டையிலிருந்து பாடைப் பூ வரைக்கும் ஸ்டாண்ட் ஆட்கள்தான் கொடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்து மை ட்ரீட் என்று சொல்ல உன்னால் முடியவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையோடு உன்மேல் அப்படி ஒரு கோபம்.

அதற்குப் பிறகு ஸ்டாண்ட் ஆட்கள் ஒருவர்கூட எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுவதில்லை. சவாரியை இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபனைத் தின்கிறார்கள். முதலாளி போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். வயிறு சரியில்லை என்கிறார்கள். எல்லாருக்கும் எப்படி ஒரே மாதிரி வயிறு சரியில்லாமல் போகும்? ஒருவனும் என் முகத்தைப் பார்த்து மீன் பெரிதாகப் போடு என்று கேட்பதில்லை.

இதுவரை எழுதி வைத்த பிறகு, இன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் கட்டி விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ. முற்றத்தில் நின்றார்கள், உள்ளே வரவில்லை. பிஸ்வாஸ் ஒரு உறையை நீட்டினான். என் வாயில் வேண்டாம் என்ற சொல் தயாராக இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு கதவைச் சாத்திக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. நீ எதைச் சொன்னாயோ அதையே நானும் சொல்லப் போகிறேன் என்று தெரிந்தது. நெஞ்சில் பாறாங்கல் என்றாயே, அது எனக்கும் ஏறியது. நீ பொய் சொல்லவில்லை. அது அவ்வளவு கனம்தான். பிழைக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறதடா. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சாக இஷ்டமில்லை.

வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கினேன்.

வாங்கின உடனே கை பரபரத்தது. "உக்காருங்க, டீ போடுறேன்" என்று அடுப்படிப் பக்கம் திரும்பினேன். "நஹி தீதி" என்று பிஸ்வாஸ் சத்தமாகவே சொன்னான். டீ வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்றான். பின்னால் நின்றவர்கள் என் அடுப்பைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. மழையில் நனைந்து வந்த ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுக்க முடியாமல் நான் வாசலில் நின்றேன்.

"கசம் காவோ" என்றான் அவன். இந்தக் காசில் ஒரு பைசாவுக்குக்கூட யாருக்கும் எதுவும் வாங்கித் தரமாட்டேன், எல்லாம் எனக்கே செலவழிப்பேன் என்று சத்தியம் செய்யச் சொன்னான். நான் சரி என்றேன். அவனுக்குப் போதவில்லை. "சர் பே ஹாத் ரக்கே" என்றான். தலையில் கை வைத்து.

யார் தலையில் வைப்பது? நான் ஆயுசுக்கும் சத்தியம் செய்ததெல்லாம் உன் தலையில் அடித்துத்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நீயும் இல்லை. கையைத் தூக்கினவள் தூக்கினபடியே நின்றேன். அப்போது பிஸ்வாஸ் ஒரு அடி முன்னால் வந்து, என் கையைப் பிடித்து, குனிந்து தன் தலைமேல் வைத்துக்கொண்டான். பெண்டாட்டி பிள்ளை உள்ளவனடா அவன்.

சொன்னேன். யாருக்கும் தரமாட்டேன், எனக்கே செலவழிப்பேன் என்று அவன் தலைமேல் சொன்னேன். முடி ஈரமாக இருந்தது, அடியில் தலை சுட்டது. அவர்கள் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. எத்தனை தடவை கழுவியும் அந்தச் சூடு என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

உன் அக்கா